அக்காவுக்கு, 139 துண்டில் ஒரு போர்வை

அன்புள்ள அக்கா,

நேரில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், நானும் தொண்டை அடைத்துப் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு ஒருவர் உள்ளே படுத்திருக்க, ஒருவர் வெளியே காத்திருக்கும் குடும்பங்கள் மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டிலேயே எத்தனை! அவர்களில் யாருக்காவது இது உதவட்டும்.

போன வருஷம் தீபாவளி கழிந்து ஒரு வாரம் இருக்கும். டயாலிசிஸ் முடிந்து காரில் ஏறினாய். வெளியே வெயில் கொளுத்துகிறது, உனக்குப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்கிறது. "ஐஸ் பெட்டிக்குள்ள படுத்த மாதிரி இருக்கு. இனிமே நான் வரல" என்றாய். நாலு மணி நேரம் ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்து குழாயில் சுற்றுவதால் சூடு இறங்கிவிடும் என்று நர்ஸ் மிஸி சொன்னார். அதோடு ஏர்கோன் வேறு. சர்க்கரை உன் கிட்னியைத் தின்றதை என்னால் திருப்ப முடியாது. குளிரையாவது பார்க்கலாமே என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு போர்வையைக் கையில் எடுத்துக்கூடப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அம்மா போய் இரண்டு வருஷமாக நான் அதைத் தொடவே இல்லை.

மேலே சேலைகள், நாலைந்து பாத்தேக் கைலி. அடியில், தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டுக்குப் போட்டுக்கொண்டு போன முழுக்கைச் சட்டை இரண்டு. கத்தரிக்கோலை எடுத்தேன், வெட்ட முடியவில்லை. மூன்று நாள் எல்லாம் அப்படியே சாப்பாட்டு மேசையில் கிடந்தன. அப்புறம் ஒன்று நினைவுக்கு வந்தது. நம் வீட்டில் எந்தக் குழந்தை பிறந்தாலும் அம்மா புதுத்துணி போட விடமாட்டார். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட தன் சேலையைக் கிழித்துத்தான் சுற்றுவார். ஓரத்தைப் பல்லால் ஒரு கடி, இரண்டு கையாலும் ஒரு இழு, அவ்வளவுதான். நானும் ஒரு சேலையின் ஓரத்தைக் கடித்தேன். பர்ரென்று கிழிந்த சத்தம் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. ஆனால் அதன்பிறகு கை நிற்கவில்லை.

ஐந்து அங்குலச் சதுரம். தையலுக்கு நாலு பக்கமும் கால் அங்குலம் போனால் நாலரை நிற்கும். அகலத்துக்குப் பதினொன்று, நீளத்துக்குப் பதின்மூன்று. மடியில் போட்டால் கால்விரல் வரை மூடும். வீட்டில் தையல் மெஷின் சும்மாதான் இருக்கிறது. ஆனால் நீ உள்ளே இருக்கும் அந்த நாலு மணி நேரம்தான் எனக்குத் தாங்க முடியாத நேரம். அதற்குத்தான் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. எல்லாமே அங்கே, வெளியில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தைத்தது.

சட்டைத் துண்டுதான் படுத்தி எடுத்தது. பால் பட்ட கையால், வாளி தொங்கும் காண்டா கட்டையைத் தூக்கித் தூக்கி வைத்த தோள்பட்டை, கறுத்துக் காய்ந்து கிடந்தது. கித்தாப் பால் கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது என்று உனக்குத் தெரியும். ஊசி அதற்குள் நுழைந்ததும் ரப்பர் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. குறட்டால் பிடித்து ஒவ்வொரு தையலாக இழுத்தேன். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு விடியற்காலையில் அம்மா மங்குக் கிண்ணத்திலிருந்து வாளிக்கு ஊற்றிய பால், இன்னும் பிடியை விடவில்லை. கறை உள்ள இடத்தை வெட்டி எறிந்திருக்கலாம், மனசு வரவில்லை. வலது மேல் மூலையிலிருந்து மூன்றாவது சதுரம். தடவிப் பார்.

எனக்கு எதிர் நாற்காலியில் ஒரு மலாய்க்கார மக்சிக் உட்காருவார். அவர் கணவருக்கும் நம் நேரம்தான். "பெர்ச்சாவா?" என்று கேட்டார். துண்டுத்துணியை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு நூல் சிக்கிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, மெழுகுவத்தியில் நூலை ஒருமுறை உரசி இழுக்கச் சொன்னார். முழங்கை நீளத்துக்கு மேல் நூல் வெட்டாதே என்றார். இரண்டும் பலித்தன. அடுத்த வாரம் கணவரின் பழைய கைலியிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து கையில் வைத்தார். கட்டம் போட்ட பெலிக்காட். அந்தப் பெயரே நம் பழவேற்காட்டிலிருந்து வந்ததுதான், அக்கா. அங்கிருந்து கப்பலேறி வந்த கட்டத்துணிக்கு ஊர்ப் பெயரே நின்றுவிட்டது. அதைச் சொன்னதும் மக்சிக் துணியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அப்படியானால் இது உங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டியது என்றார்.

நடுவில் ஒரு மஞ்சள் துணி இருக்கும். ஞாபகம் வருகிறதா? பங்குப் பத்திரத்தை அம்மா சுற்றி வைத்திருந்த துணி. ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், நம் ஊர்க்கார அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, அந்தத் தோட்டங்களை வாங்கத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தாரே, அந்தப் பத்திரம். அம்மாவுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து வெள்ளியைச் சேர்க்கப் பட்ட பாட்டை நமக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்! பத்திரம் அண்ணனிடம் பத்திரமாக இருக்கிறது. துணி உன் மடிக்கு.

உள்ளே இலவம்பஞ்சு வைக்கத்தான் ஆசை. துவைத்தால் அது ஓரிடத்தில் திரண்டுவிடும். உன் போர்வையை அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும். அதனால் அப்பாவின் பழைய பருத்திப் போர்வையை நடுவில் வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துச் சின்னச் சின்ன ஓட்டுத்தையல். மேலே இருக்கிற கை ஊசியைத் தள்ளும், அடியில் இருக்கிற விரல் முனையைத் தேடும். விரலில் குத்தாத நாளே இல்லை. துணியில் ரத்தம் பட்டால் பச்சைத் தண்ணீரில் உடனே அலசிவிடு. வெந்நீர் பட்டால் கறை நின்றுவிடும்.

உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அந்த மேல்தையலில் முதல் மூன்று வரிசையைப் பார்த்தால் தையல் நீளநீளமாக, கோணலாக இருக்கும். அவ்வளவு அவசரப்பட்டிருக்கிறேன். நான் முடிக்கும்வரை நீ இருக்க வேண்டுமே என்கிற பயம், அக்கா. அதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாலாவது வரிசையில் தையல் தானாகவே சின்னதாகிவிட்டது. அன்று என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தால், எதுவும் நடக்கவில்லை. தாகத்துக்கு நீ இன்னொரு ஐஸ் கட்டி கேட்டு மிஸியிடம் சண்டை போடும் குரல் உள்ளேயிருந்து கேட்டது. நான் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தையல், அப்புறம் அடுத்த தையல். மணி பார்த்தபோது உன்னைக் கழற்றும் நேரம் வந்திருந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஏழாவது வரிசையில், மஞ்சள் துணியைத் தாண்டும்போது, மிச்சத் துணியை உன் பேத்திக்கென்று தனியாக எடுத்து வைத்தேன். அதை நீயும் நானும் சேர்ந்து தைக்கலாம், உன் வலது கை சும்மாதானே இருக்கிறது. அவசரத்தில் போட்ட அந்த மூன்று வரிசையைப் பிரித்துத் தைக்கலாம்தான். பிரிக்கவில்லை. அதுவும் உனக்குப் போட்டதுதான்.

இடது மேல் மூலையில் நாலு சதுரம் இருக்காது. ஊசி போட்ட கையைப் போர்வைக்குள் வைக்காதீர்கள், ஊசி நழுவி ரத்தம் போனால் எங்களுக்குத் தெரியாது என்று மிஸி உன்னைக் கண்டித்தது எனக்கும் கேட்டது. அந்தக் கை வெளியே கிடக்கத்தான் அந்த இடம். 143இல் நாலு போக 139.

ஓரப்பட்டி மட்டும் பாக்கி. அம்மாவின் பச்சைச் சேலைக் கரையை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு முடிந்துவிடும்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வந்து ஹார்ன் அடிப்பேன். பசியாறிவிட்டு வா. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உன் தங்கச்சி