ஓட்டிப் பார்த்த நிரலும் அச்சான நிரலும்

யீஷூன், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மகன் தேசிய சேவைக்குப் போனதிலிருந்து சனி, ஞாயிறு இரண்டும் அவன் சீருடையைத் துவைத்துக் காயப்போடுவதிலேயே போய்விடுகின்றன. இன்று அவனை முகாமுக்கு அனுப்பிவிட்டு, கீழே கோப்பிக் கடையில் ஒரு தே-ஓ வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பைத்தான் நிரல்மொழிக்குப் பாடநூல் எழுதப்போகிறாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். ஹாஸ்டலில் என் ரெக்கார்டு நோட்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்தவள் ஆயிற்றே! "நீ எதில் எழுதுகிறாய், வேர்டு போதாதா?" என்று கேட்டிருக்கிறாய். போதாது. இதை நான் அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டேன்.

முன்பு இங்கே ஒரு வார இறுதி வகுப்புக்கு நாற்பது பக்கக் குறிப்பு தயாரித்தேன், வேர்டில்தான். முதல் பயிற்சியிலேயே வகுப்பு முழுக்கப் பிழைச் செய்தி. மேற்கோள் குறிகளையெல்லாம் வேர்டு அழகாக வளைத்துவிட்டிருந்தது. பைத்தானுக்கு நேர்க்குறிதான் தெரியும். வரித் தொடக்கத்தில் இருந்த பிரிண்ட் கட்டளையின் முதல் எழுத்தை வேர்டு பெரிய எழுத்தாக்கியிருந்தது. பீடிஎஃபிலிருந்து நகலெடுத்தவர்களுக்கு உள்தள்ளல், அதாவது வரித் தொடக்க இடைவெளி, போய்விட்டது; அது போனால் பைத்தானில் நிரலே இல்லை. பின்வரிசையில் ஒரு பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "டீச்சர், இதை ஓட்டிப் பார்த்தீங்களா?" ஓட்டித்தான் பார்த்திருந்தேன், வேர்டில் ஒட்டுவதற்கு முன்னால். நான் ஓட்டியது ஒன்று, அச்சானது வேறொன்று.

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். புத்தகத்துக்குள் நிரலை ஒட்டுவதில்லை. புத்தகம் தயாராகும் ஒவ்வொரு முறையும் நிரலும் ஓட வேண்டும். மற்றதெல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

இப்போது குவார்ட்டோ என்ற நூலாக்க மென்பொருளில் எழுதுகிறேன். சாதாரண உரைக் கோப்பு. தலைப்பு, பட்டியலையெல்லாம் எளிய குறிகளால் காட்டும் மார்க்டவுன் உனக்குத் தெரியும். நடுநடுவே நிரல் கட்டங்கள் வைத்தால் அதுவே ஓட்டி, வந்த விடையைப் பக்கத்தில் பதித்துவிடும். ஒரே மூலத்திலிருந்து பீடிஎஃபும் வரும், மின்னூலுக்கான ஈபப்பும் வரும். பிழையைக் காட்டுவதற்கென்றே எழுதும் நிரலுக்கு மட்டும் 'இங்கே பிழை வரும், நிற்காதே' என்று மேலே ஒரு வரி எழுதிவிடுவேன். நீளமான நிரல்கள் தனிக் கோப்புகளில் இருக்கின்றன, அவற்றுக்குச் சோதனை நிரல்களும் உண்டு. புத்தகத்தில் கோப்பின் பெயர்தான் இருக்கும். ஒரு கோப்பின் நடுவிலிருந்து பத்து வரியை மட்டும் எடுக்க, மார்க்டவுன் போன்ற இன்னொரு முறையான ஆஸ்கிடாக் வசதியானது. குறி போட்டு வைத்தால் போதும். அந்த விஷயத்தில் அதுதான் மேல் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இந்த முறை என்னை ஒரு தடவை காப்பாற்றவும் செய்தது. சரங்கள் (எழுத்துத் தொடர்கள்) பற்றிய பாடத்தில் "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்பதாக ஓர் உதாரணம். விடை 3 என்று விளக்கத்தையும் எழுதி முடித்துவிட்டேன். பக்கம் வந்தபோது அதில் 5 என்று இருந்தது! த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று, கணினிகள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறை தனித்தனியாக எண்ணுகிறது. நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. விடையைக் கையால் அடித்திருந்தால் அந்த 3 அப்படியே அச்சேறியிருக்கும். இப்போது அதுவே ஒரு தனிப் பகுதியாகிவிட்டது.

தமிழில் எழுதுவதால் வேறு தொல்லைகளும் உண்டு. பீடிஎஃப் செய்ய ஸீலேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் வைத்திருக்கிறேன். யூனிகோடு எழுத்துருக்களை நேராக எடுத்துக்கொள்ளும், கொம்பும் காலும் இடம் மாறாது. ஆனால் நிரலுக்கு வைக்கும் சம அகல எழுத்துருக்கள் பலவற்றில் தமிழே கிடையாது, கட்டம் கட்டமாக வரும். நோட்டோ தமிழ் எழுத்துருவைத் துணைக்குச் சேர்த்தால் எழுத்து வரும், நேர்கோடு வராது. 'ர'வும் 'ணை'யும் ஒரே அகலத்தில் எப்படி நிற்கும்? அதனால் தமிழ்க் குறிப்புரையை நிரல் வரியின் வலப்பக்கம் போடுவதை விட்டேன், மேலே தனி வரியில் எழுதுகிறேன். வரி நீளமும் பார்த்துக்கொள். பிளாக் என்ற ஒழுங்குபடுத்தும் கருவி 88 எழுத்துவரை விட்டுவிடும், புத்தகப் பக்கம் அவ்வளவு தாங்காது. நான் 66 என்று குறைத்து வைத்திருக்கிறேன்.

அப்புறம், பதிப்பு எண். பைத்தான் எது, நூலகங்கள் எவை, எந்தப் பதிப்பு என்று ஒரு கோப்பில் எழுதிப் பூட்டி வை. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது; பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி இல்லாமல் அச்சான பழைய புத்தகங்களை வைத்துக்கொண்டு இன்றும் பிள்ளைகள் முழிக்கிறார்கள். எல்லாக் கோப்புகளையும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியில் வைத்துக்கொள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கருவிகளிலேயே மூழ்கிவிடாதே, அதுதான் என் பயம். கணினி அறிஞர் டொனால்ட் நுத் 1977-ல் தன் நூலின் அச்சுப்படிகளைப் பார்த்து மனம் கசந்து டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைத் தொடங்கினார். ஓராண்டு விடுப்பில் முடித்துவிடலாம் என்று நினைத்தவருக்குப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. அவர் நுத், நமக்குச் செமஸ்டர் தொடங்கிவிடும். நான் எழுத்துரு தேடியே ஒரு மாதம் தொலைத்தேன், அந்த மாதம் ஒரு பக்கம் எழுதவில்லை. வேர்டில் ஏற்கெனவே எழுதிய பாடங்கள் இருந்தால் பேண்டாக் என்ற மாற்றுக் கருவி மாற்றித் தரும், ஆனால் நிரல் பகுதிகளை மட்டும் மூலக் கோப்பிலிருந்து புதிதாக எடு. வளைந்த குறிகள் உள்ளே ஒளிந்திருக்கும்.

மூன்றாம் பாடத்தை இத்துடன் அனுப்புகிறேன். நிரல்களை நகலெடுக்காமல் கையால் அடித்துப் பார். உன் மாணவர்கள் அப்படித்தானே செய்வார்கள்? ஓட்டிப் பார்த்தால் நிரலின் பிழை தெரியும், என் விளக்கம் புரிகிறதா என்பதை அது சொல்லாது. நுத் தன் நூலில் பிழை கண்டவர்களுக்கு 2008 வரை 2.56 டாலர், அதாவது 256 சென்ட், காசோலை அனுப்பி வந்தார். 256 என்பது பதினாறடிமான எண்முறையில் சரியாக 100. அதே தொகையை நானும் தருகிறேன், சிங்கப்பூர் வெள்ளியில். நிறையச் சம்பாதித்துவிடாதே.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? தீபாவளிக்கு வரும்போது இங்கே தேக்கா சந்தையிலிருந்து என்ன வேண்டும் என்று எழுது.

உன்
மீனா