அடித்து எழுதப்பட்ட படிவங்கள்: பிளஸ் ஒன் சேரும் மாணவிகளின் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் ‘விரும்பும் பாடப்பிரிவு’ என்று ஒரு கட்டம் உண்டு. வந்து சேர்ந்த படிவங்களைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்களோடு ஒப்பிட்டபோது ஒன்று கண்ணில் பட்டது. அறிவியலில் 90க்கு மேல் வாங்கிய மாணவிகள் சிலரின் படிவத்தில் ‘கணிதம் - உயிரியல்’ என்று எழுதியது அடிக்கப்பட்டு, வேறு பேனாவில், வேறு கையெழுத்தில் ‘வணிகவியல்’ என்று இருக்கிறது. மாணவர்களின் படிவங்களில் இந்த அடித்தல் இல்லை. வணிகவியல் மட்டமான பிரிவு அல்ல. அதை விரும்பி எழுதிய பிள்ளைகளைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. அடித்து எழுதப்பட்ட படிவங்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

‘பொம்பளைப் பிள்ளைக்கு சயின்ஸ் குரூப் தாங்காது’ என்பது படிக்காதவர்கள் மட்டும் சொன்ன பேச்சல்ல. 1933இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு விண்ணப்பித்த கமலா பாகவத், பின்னாளில் கமலா சொஹோனி, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்று வந்தவர். பெண் என்பதற்காக அவருக்கு இடமில்லை என்றவர் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன். கமலா விடாமல் நேரில் போய்க் கேட்டபின், ஓராண்டு சோதனைக்காலம், ஆண்களின் வேலைக்கு இடைஞ்சல் கூடாது என்றெல்லாம் நிபந்தனை போட்டுச் சேர்த்துக்கொண்டார். அந்த ஓராண்டு வேலையைப் பார்த்த பிறகு ராமனின் எண்ணம் மாறியது. கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். ராமனுக்கே கணக்குத் தப்பிய இடம் இது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லை வைத்துப் படிவத்தில் அடிக்க வேண்டாம்.

இனி நடைமுறைக்கு வருவோம். பிள்ளைகள் முதலில் இடறுவது காலாண்டுத் தேர்வில். பத்தாம் வகுப்பில் 92 வாங்கியவள் பிளஸ் ஒன் இயற்பியலில் 45 வாங்கி வருவாள். ஆணுக்கும் இதே கதைதான். மகன் 45 வாங்கினால் டியூஷன் தேடுகிறோம். மகள் வாங்கினால் ‘உனக்கு இது வராது, குரூப்பை மாற்று’ என்கிறோம். அந்த 45க்குக் காரணம் பெரும்பாலும் பாட வரிசைதான். இயற்பியல் முதல் தொகுதியின் இயக்கவியல் பாடத்திலேயே வெக்டரும் வகையீடும் வந்துவிடும். கணிதப் புத்தகத்திலோ அவை இரண்டாம் தொகுதியில்தான் இருக்கின்றன. தெரியாத கணக்கை வைத்துப் புதிய இயற்பியலைப் படிக்கிறாள், அவ்வளவுதான். ஆகவே ஜூன், ஜூலை சனிக்கிழமைகளில் காலை 2 மணி நேரம் கணித ஆசிரியர் இந்த இரண்டை மட்டும் முன்கூட்டியே நடத்துவார். உங்கள் பங்கு, அரையாண்டுத் தேர்வு முடியும்வரை குரூப் மாற்றும் பேச்சை எடுக்காமல் இருப்பது. மாலையில் ஒன்றரை மணி நேரம் அவளைத் தண்ணீர் பிடிக்கவும் கடைக்குப் போகவும் எழுப்பாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கணக்கைப் பாதியில் விட்டு எழுந்தால், திரும்ப முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்தது ஆய்வகம். எழுத்துத் தேர்வுக்கு 70, அகமதிப்பீட்டுக்கு 10 போக, செய்முறைக்கு 20 மதிப்பெண். நம் பள்ளி இருபாலர் பள்ளி. ஒரு மேசைக்கு நான்கு பேர் நின்றால் என்ன நடக்கிறது என்றால், திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டைப் பையன் திருகுவான், பெண் ரீடிங் எழுதுவாள். கேட்டால், அவள் கையெழுத்து அழகாக இருக்குமாம். வருடம் முழுக்க எழுதிக்கொண்டே இருந்தவள் செய்முறைத் தேர்வன்றுதான் முதல்முறை பியூரெட்டைத் தொடுகிறாள். கை நடுங்கத்தானே செய்யும்?

பிளஸ் டூவில் செய்யும் பெர்மாங்கனேட் தரம்பார்த்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவைக் கண்டுபிடிக்கும் சோதனை இது. ஆக்சாலிக் அமிலத்தைப் பிப்பெட் என்ற உறிஞ்சு குழாயால் 20 மி.லி. எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கிய பிறகே பெர்மாங்கனேட்டை விட வேண்டும். சூடு போதாவிட்டால் முதல் சில சொட்டுகளின் நிறம் மறைய நேரமாகும். அதையே முடிவுநிலை, அதாவது நிறம் மறையாமல் நிலைக்கும் கட்டம், என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள், விடை சரியான அளவில் பாதிகூட வராது. அமிலம் குறைந்தால் கரைசல் பழுப்பாகக் கலங்கும். பெர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் பியூரெட்டில் திரவத்தின் வளைந்த மேற்பரப்பின் மேல்விளிம்பைப் படிக்க வேண்டும். நிறமற்ற திரவத்துக்குப் படிப்பதுபோல் கீழ்விளிம்பைத் தேடினால் தடுமாற்றம்தான். இடது கை குழாயைத் திருக, வலது கை குடுவையைச் சுழற்ற, ஒரே ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு வந்து நிலைக்கும். அந்த ஒரு சொட்டோடு நிறுத்துவது கைப்பழக்கம். ரெக்கார்டு நோட்டை எவ்வளவு அழகாக எழுதினாலும் அது வராது.

இந்த ஆண்டு முதல் ஒரு மேசைக்கு இருவர். ஒருவர் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் இரண்டு ரீடிங் எடுத்த பிறகே பியூரெட் அடுத்தவர் கைக்குப் போகும். யார் செய்தது என்று ஆசிரியர் பெயர் குறித்துக் கையெழுத்திடுவார். வீட்டில் நீங்களும் ‘இன்று எத்தனை மார்க்?’ என்பதோடு ‘இன்று நீ கையால் என்ன செய்தாய்?’ என்றும் கேளுங்கள். ஆய்வக நாளன்று உறவுக்காரர் விசேஷத்துக்காக லீவு போட வைக்காதீர்கள். மற்றப் பாடத்துக்கு நோட்டைக் கடன் வாங்கி எழுதிக்கொள்ளலாம், செய்முறைக்கு அது முடியாது. பருத்திக் கோட்டு ஒன்று போதும். நைலான் துப்பட்டா பர்னர் பக்கம் ஆபத்து, அதைக் கோட்டுக்குள் செருகி, சடையை மடித்துக் கட்டி அனுப்புங்கள்.

பணம் பற்றி. பிளஸ் ஒன்னுக்கு மட்டும் மகளை நம் அரசுப் பள்ளியிலிருந்து சுயநிதித் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைப்பவர்கள் கொஞ்சம் நிதானியுங்கள். மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு, 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் 6 முதல் 12 வரைதான் கணக்கு. அந்த இரண்டு வருடத்துக்காக இரண்டையும் இழக்காதீர்கள். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலத் திட்டத்தை இயக்கிய நிகர் ஷாஜி செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்தவர், பொறியியல் படித்தது திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில்.

முதல் பட்டதாரிச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். ‘அதைத் தம்பிக்கு வைத்திருப்போம்’ என்று மகளின் சான்றிதழுக்கு விண்ணப்பிக்காமல் விடும் வீடுகள் இருக்கின்றன. முதலில் பட்டப்படிப்புக்குப் போகிறவள் மகள் என்றால், சலுகை அவளுடையது.

குரூப்பில் கவனிக்க வேண்டியது கணிதம். பொறியியல் கட்-ஆஃப் 200இல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தாவரவியல், விலங்கியல் உள்ள பியூர் சயின்ஸ் எடுத்தால் அந்தக் கதவு மூடிவிடும். மகள் இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் கணிதம்-உயிரியல் எடுப்பது நல்லது, சுமை கூடுதல் என்றாலும். உயிரியல் என்றாலே நீட் என்றும் இல்லை. கால்நடை மருத்துவத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கும் வேளாண்மைக்கும் இங்கே பிளஸ் டூ மதிப்பெண்தான் பார்க்கிறார்கள்.

திருமணம் பற்றி ஒரு வரி. பிளஸ் டூ முடிக்கும்போது அவளுக்கு 17 வயது. அதற்கு மேல் அந்தப் பேச்சுக்கு இந்தக் கடிதத்தில் இடமில்லை.

செய்முறை வகுப்பு முடிய மாலை 5 மணி ஆகும் நாட்களின் பட்டியலை ஜூன் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுவோம். ஒரே ஊருக்குப் போகும் மாணவிகளை ஒரே நாள் பேட்ச்சில் போடுவோம், தனியாகப் பேருந்துக்கு நிற்க வேண்டியிராது. ஊர்ப் பெயரைப் படிவத்தின் பின்பக்கம் எழுதுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு வேதியியல் ஆய்வகத்தில் பெற்றோர் கூட்டம். மகளையும் அழைத்து வாருங்கள். படிவத்தில் அடித்து எழுதியவர்களுக்குப் புதுப் படிவம் தரப்படும், அதை மாணவியே நிரப்ப வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், மாணவியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல் ஒவ்வொன்று தேவை. கணக்கு இல்லாதவர்கள் இப்போதே தொடங்கி ஆதாரை இணைத்துவிடுங்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகு அலைந்தால் உதவித்தொகை தள்ளிப் போகும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்