திருப்பத்துக்குப் பிறகும் கன்ட்ரோலர் எங்கள் கையில்தான் இருக்கிறது

கதை சொல்லும் வீடியோ கேம்களை எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். நான்கு கேம்களின் முடிச்சை இம்மடலில் அவிழ்க்கப்போகிறேன். ஆடாதவர்கள் ஆடிவிட்டு வந்து படியுங்கள், காத்திருக்கிறேன்.

முதலில் 2007-இல் வந்த பயோஷாக். கடலுக்கடியில் இருக்கும் ரேப்சர் நகரத்துக்குள் நுழைந்ததும் ரேடியோவில் அட்லஸ் பேச ஆரம்பிக்கிறான். 'தயவுசெய்து' அதை எடு, 'தயவுசெய்து' இங்கே போ. நாமும் போகிறோம். கேம் என்றால் சொன்னதைச் செய்வதுதானே என்று பழகிய கை. அந்த ஒரு சொல்லைக் கேட்டால் மறுக்கவே முடியாதபடி, நாம் ஆட்டுவிக்கும் நாயகன் ஜாக்கை உருவாக்கியிருக்கிறார்கள் என்பது நகரத்தைக் கட்டிய ஆண்ட்ரூ ரையன் முன்னால் நிற்கும்போதுதான் தெரிகிறது. ரையன் கோல்ஃப் மட்டையைக் கொடுத்து, அதே சொல்லைச் சொல்லி, தன்னையே கொல்ல வைக்கிறார். அப்போது நம் கன்ட்ரோலருக்கு வேலையே இல்லை. கை ஓய்ந்து உட்கார்ந்திருந்தேன். இத்தனை மணி நேரமும் ஜாக்கோடு சேர்ந்து நானும் கீழ்ப்படிந்திருக்கிறேன். வேறெந்தக் கலையும் எனக்கு இப்படிச் செய்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வருத்தம். அட்லஸின் குரல் இருந்த இடத்தில் விஞ்ஞானி டெனன்பாமின் குரல் வந்தது. மறுபடியும் போ, எடு, செய். கடைசியில், அட்லஸ் என்ற பெயரில் நம்மை ஏய்த்த ஃபான்டைனோடு வழக்கமான ஒரு சண்டை. நான் அடிமை என்று காட்டிய கேம், விடுதலையை என் கையால் செய்துபார்க்க விடவில்லை.

2003-இல் வந்த ஸ்டார் வார்ஸ் கேம் 'நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்' அதைச் செய்திருந்தது. செத்துவிட்டதாக எல்லோரும் பேசும் கொடிய வில்லன் டார்த் ரெவன் நாமேதான். நினைவை அழித்து நம்மைப் புது ஆளாக்கியது, நல்ல பக்கத்து வீரர்களான ஜெடாய்களின் சபை. இது தெரிந்தபின் பழைய இருளுக்கே திரும்பிப்போவதா, மறுப்பதா என்பதை நாம்தான் முடிவெடுக்கிறோம். கூட வந்த தோழர்கள் மீதே ஆயுதத்தை ஓங்க வேண்டியும் வரலாம்.

என் மனதுக்கு மிக நெருக்கமானது 2001-இன் சைலன்ட் ஹில் 2. நோயில் இறந்துபோன மனைவி மேரியிடமிருந்து கடிதம் வந்ததென்று சைலன்ட் ஹில் என்னும் ஊருக்குத் தேடி வருகிறான் நாயகன் ஜேம்ஸ். தலையணையால் அவளை அழுத்திக் கொன்றவன் அவனே என்பதை ஏரிக்கரை ஹோட்டலில் ஒரு வீடியோ டேப் காட்டுகிறது. அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. அந்த ஊரில் சந்திக்கும் ஏஞ்சலா என்ற பெண்ணின் கத்தியை எடுத்துப் பார்த்தேனா, காயத்துக்கு மருந்து போடாமலே நடந்தேனா என்றெல்லாம் கேம் சத்தமில்லாமல் கணக்கு வைத்திருந்தது. முடிவு அதைப் பொறுத்தும் மாறுகிறது. ஜேம்ஸ் எப்படிப்பட்டவன் என்பதில் என் பழக்கமும் சேர்ந்துவிட்டது.

ஹெவி ரெயின், 2010. துப்பறியும் ஸ்காட் ஷெல்பியாக நம்மை ஆட வைத்து, பட்டனை அழுத்தினால் அவர் மனதில் ஓடுவதையும் கேட்க வைத்துவிட்டு, கேம் முழுக்கத் தேடப்படும் தொடர் கொலைகாரர் அவரே என்கிறார்கள். அவர் செய்த கொலை ஒன்றை மட்டும் கேம் நம் கண்ணில் படாமல் தாண்டிப்போய், பின்னால் காட்டுகிறது. மற்றவர் பொய் சொன்னால் நான் ஏமாறலாம். நான் ஆட்டுவிக்கும் மனிதனின் மனமே என்னிடம் பொய் சொன்னால், திரும்பிப் போய்த் தடயம் தேட எனக்கு என்ன மிச்சம்?

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. எங்களிடம் ஒரு மனதைத் திறந்துவிட்டால் அதற்குள் பொய் வைக்காதீர்கள். திருப்பக் காட்சியை எழுதி முடித்த கையோடு, அடுத்த பத்து நிமிடம் ஆடுபவரின் விரல்கள் என்ன செய்யும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கதைகளை இரண்டாம் முறையும் ஆடிப்பார்க்கும் ஒருவன்