தட்டில் ஆரம்பி, தம்பி

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, சாயங்காலம் நடக்கப் போகிறார்.

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய மாஸ் கெயினர், அதாவது எடை ஏற்றும் மாவு டப்பா படத்தைப் பார்த்தேன். "வாங்கட்டுமாம்மா?" என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் நீயாகப் போய் ஜிம்மில் சேர்ந்திருக்கிறாய் என்பது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதனால் போனில் அரைகுறையாகச் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். பி.டி. டீச்சராக எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளின் உடம்பைப் பார்த்து வளர்த்தவள் நான். என் பிள்ளைக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்லப்போகிறேன்?

உன் உயரம் 174 செ.மீ., எடை 52 கிலோ. கணக்குப் போட்டால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண், 17 சொச்சம்தான் வருகிறது. 18.5-க்குக் கீழே போனாலே எடை போதாது என்று அர்த்தம். அந்தக் கோட்டைத் தொடவே நீ 56 கிலோ இருக்க வேண்டும். கல்யாண வீடுகளில் உன்னை ஓமக்குச்சி என்று கூப்பிடுகிறவர்களுக்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் பேச்சு உன்னை எவ்வளவு குத்தியது என்று எனக்குத் தெரியும். அதை ஜிம்முக்குத் தூக்கிக்கொண்டு போகாதே. மாடிக்கு ஒரு தண்ணீர் கேன் தூக்கினால் மூச்சு வாங்காத உடம்பு, நாற்பது வயதிலும் முதுகு பிடிக்காத உடம்பு உனக்கு வேண்டும். எனக்கு அதுதான் ஆசை.

"நான் நல்லாத்தான் சாப்பிடறேன், உடம்புல ஒட்டமாட்டேங்குது" என்று நீ எப்போதும் சொல்வாய். ஒல்லியாக இருக்கிற பிள்ளைகள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறார்கள். வயிறு நிறைந்ததா என்று பார்க்கிறார்களே தவிர, எதனால் நிறைந்தது என்று பார்ப்பதில்லை. உன் மெஸ் சாப்பாட்டை நீ சொன்னபடியே ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். காலையில் ஒரு தட்டு போஹா என்கிற அவல் உப்புமா, நேரமானால் வெறும் டீ. மத்தியானம் மூன்று சப்பாத்தி, உருளைக்கிழங்கு சப்ஜி, தண்ணியாக ஒரு பருப்பு. சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும். ராத்திரி சோறும் அதே பருப்பும். இதில் புரதம் 35, 40 கிராம் தேறினால் பெரிது. சும்மா உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கே எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.). எடை தூக்கித் தசை வைக்க நினைக்கிறவனுக்கு அது ஏறக்குறைய 1.6 கிராம். உன் எடைக்கு 83 கிராம். அதில் பாதிகூட உன் தட்டில் இல்லை. இந்தத் தட்டை வைத்துக்கொண்டு நீ எந்த ஜிம்முக்குப் போனாலும் களைப்புதான் மிஞ்சும்.

இதைச் சரி செய்ய டப்பா வேண்டியதில்லை. தினமும் நான்கு முட்டை சாப்பிடு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. அரை லிட்டர் பால் குடி, அதில் 16 கிராம். 50 கிராம் வேர்க்கடலை, அதில் 12 கிராம். நீ இப்போது சாப்பிடுவதோடு இவற்றைச் சேர்த்தாலே 83 கிராம் வந்துவிடும். முட்டையை வேகவைத்துச் சாப்பிடு. நம் பக்கத்துப் பையன்கள் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொள்வார்களே, அந்தப் பழக்கம் வேண்டாம். வேகவைத்த முட்டையின் புரதத்தை உடம்பு எடுத்துக்கொள்கிற அளவுக்குப் பச்சை முட்டையில் எடுத்துக்கொள்வதில்லை. வயிற்றுக்குக் கிருமி போகிற பயமும் உண்டு.

அப்புறம், புனேயில் இருந்துகொண்டு நல்ல சாப்பாடு கிடைக்கவில்லை என்று நீ சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மட்கி என்று அவர்கள் சொல்லும் பயற்றை முளைகட்டி உசல் என்று மசாலாக் குழம்பு செய்கிறார்கள், அதைவிட நல்ல காலை உணவு ஏது? கடலைமாவில் பிட்லா கிண்டி ஜோவார் பாக்ரியோடு, அதாவது சோள ரொட்டியோடு தருகிறார்கள். வேர்க்கடலை இல்லாத சமையலே அங்கே குறைவு. தெருமுனை வண்டியில் முட்டை புர்ஜி, நம் முட்டைப் பொரியல் மாதிரி, கிடைக்கும். மெஸ்ஸில் கூடுதலாக ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்புக்குப் பணம் கட்டிவிடு. அறையில் ஒரு கெட்டில் இருக்கிறதல்லவா, அதில் 30 கிராம் சோயா உருண்டையைக் கொதிநீரில் ஊறப்போட்டுப் பிழிந்து பருப்பில் போட்டுக்கொள். அதிலேயே 15 கிராம் புரதம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறியோ மீனோ சாப்பிடு. புரதத்தை ஒரே வேளையில் கொட்டிவிட்டு மற்ற வேளைகளில் சும்மா இருக்காதே, மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக்கொள்.

புரதம் மட்டும் போதாது. எடை ஏற வேண்டுமானால் செலவழிப்பதைவிடத் தினமும் 300 முதல் 500 கலோரி கூடுதலாக உள்ளே போக வேண்டும். இது மலைபோலத் தெரியும், ஆனால் இரண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் பால் சேர்ந்தாலே 500 கலோரி ஆகிவிடும். சாயங்காலப் பிஸ்கட்டை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இதை வை. நம் ஊர்க் கடலைமிட்டாய் இரண்டு துண்டு பையில் போட்டுக்கொண்டு போ. 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள், கோவில்பட்டிப் பிள்ளை அதைத் தின்னாமல் டப்பா மாவைத் தின்பதா? சோற்றில் ஒரு ஸ்பூன் நெய் விட்டுக்கொள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றாதே, வயிறு ஏற்காது. முதல் வாரம் பாலும் பழமும், அடுத்த வாரம் முட்டை, அப்புறம் கடலை என்று கூட்டு. பசி எடுக்கும்வரை காத்திருக்காதே, மணி பார்த்துச் சாப்பிடு. சாப்பாட்டுக்கு முன்னால் வயிறு முட்டத் தண்ணீரோ டீயோ குடிக்காதே.

மாஸ் கெயினர் விஷயத்துக்கு வருகிறேன். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார். பெரும்பாலானவற்றில் முதலில் வருவது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது வெறும் மாவுச்சத்து. அந்த விலைக்கு மாதம் முழுக்க முட்டையும் பாலும் வாங்கலாம். வே புரோட்டீன் என்கிற புரத மாவு அப்படியில்லை, அது பாலிலிருந்து எடுப்பதுதான். வேலை நெருக்கடியில் சாப்பிட முடியாத நாளுக்கு உதவும், அவ்வளவுதான். பலம் கூட்ட எடுத்துக்கொள்ளும் கிரியேட்டின் பொடியும் பலர் சோதித்துப் பார்த்த பொருள்தான், தினமும் 3 முதல் 5 கிராம் போதும் என்பார்கள். ஆனால் ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு, ஒழுங்காகத் தூக்கிய பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஜிம்மில் யாராவது "ஒரு கோர்ஸ் போடு தம்பி, மூணு மாசத்துல ஏறிடும்" என்று ஊசியோ மாத்திரையோ நீட்டினால் அந்த இடத்தை விட்டு வந்துவிடு. அவற்றில் இருக்கும் டெஸ்டோஸ்டிரான் போன்ற ஆண் ஹார்மோன் வெளியிலிருந்து போனால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திக்கொள்ளும். விரை சுருங்கும், விந்தணு குறையும், இதயத் தசை தடிக்கும். அம்மா இதையெல்லாம் எழுதுகிறாளே என்று கூச்சப்படாதே, நான் எழுதாவிட்டால் உனக்கு யாரும் சொல்லமாட்டார்கள். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் 'பசி மாத்திரை' இன்னொரு வகை. டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டையும், பசியைத் தூண்டும் அலர்ஜி மருந்தான சைப்ரோஹெப்டடினையும் சேர்த்துத் தின்பவர்கள் இருக்கிறார்கள். முகம் உப்பும், கன்னம் வைக்கும், பார்க்கிறவர்கள் உடம்பு போட்டுவிட்டான் என்பார்கள். அது நீரும் கொழுப்பும்தான், தசையை அந்த மருந்து அரிக்கத்தான் செய்யும். சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். திடீரென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து.

சரி, பயிற்சிக்கு வா. நீ அனுப்பிய வீடியோவில் கைக்கு மட்டும் நான்கு விதமாகச் செய்கிறாய். கை உடம்பில் சின்னப் பகுதி. தொடை, பிட்டம், முதுகு, மார்பு இவைதான் பெரிய தசைகள். வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போ. ஒவ்வொரு முறையும் உடம்பு முழுவதற்கும் செய்: ஸ்குவாட், படுத்தபடி மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், எடையை உடம்பை நோக்கி இழுக்கும் ரோயிங், தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், வாரத்தில் ஒரு நாள் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்ட். ஒவ்வொன்றிலும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, அப்படி மூன்று சுற்று (செட்), நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. இன்னும் இரண்டு தடவை செய்யலாம் என்று இருக்கும்போதே நிறுத்து. ஆரம்பத்தில் அதுவே போதும்.

ஸ்குவாட் என்பது நான் பள்ளிக்கூடத்தில் போடவைத்த பஸ்கிதான். பாதம் தோளகலம் இருக்கட்டும், விரல்நுனி லேசாக வெளியே பார்க்கட்டும். இறங்கும்போது குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. முழங்கால் விரல் காட்டும் பக்கமே போக வேண்டும். வீடியோவில் உன் இடது முழங்கால் உள்ளே சாய்கிறது, கவனித்தாயா? நீ எழும்போது மூன்றாவது தடவையிலிருந்து அப்படி ஆகிறது. எடை உனக்குக் கூடிப்போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். எடைத் தட்டுகளைக் கழற்றிவிட்டு வெறும் 20 கிலோ கம்பியோடு செய். இறங்குமுன் மூச்சை வயிற்றில் நிறுத்திப் பிடி, பாதிக்கு மேல் எழுந்தபின் விடு. பக்கத்தில் நிற்கிறவன் எவ்வளவு தூக்குகிறான் என்று பார்க்காதே. குனிந்து தூக்கும் எல்லாவற்றிலும் முதுகு நேராக இருக்கட்டும்.

பன்னிரண்டு தடவை மூன்று செட்டும் சுத்தமாக வந்த பிறகு 2.5 கிலோ கூட்டு. ஒரு சின்ன நோட்டில் தேதி, எடை, எத்தனை தடவை என்று எழுதிவை. பலத்தைக் காட்ட நம் பக்கத்தில் தூக்கும் உருண்டைக் கல்லான இளவட்டக்கல்லை நினைத்துப் பார். வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்குப் போட்டி நடக்கிறதே, பெண்களும் தூக்குகிறார்கள். வெவ்வேறு எடையில் கற்கள் கிடக்கும், ஒன்று வசமான பிறகுதான் அடுத்ததில் கை வைப்பார்கள். உட்கார்ந்து அணைத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சுக்கு உருட்டி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போடுவார்கள். அதில் கையைவிடக் காலும் இடுப்பும் செய்கிற வேலைதான் அதிகம். பளுதூக்கும் வீரர் வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டு கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினாரே, அவர் தூக்கியது 77 கிலோ உடல் எடைப் பிரிவில். மலைபோல உடம்பு இருந்தால்தான் பலம் என்றில்லை.

முதல் இரண்டு மாதம் கண்ணாடியில் பெரிதாக எதுவும் தெரியாது. ஆனால் நோட்டில் எடை ஏறிக்கொண்டே போகும். அந்தச் சமயத்தில் நரம்புகள்தான் முதலில் பழகுகின்றன, இருக்கிற தசையை முழுதாக வேலை வாங்கக் கற்றுக்கொள்கின்றன. தசை பருப்பது அதற்குப் பின்னால்தான் கண்ணுக்குத் தெரியும். பாதிப்பேர் இந்த இரண்டு மாதத்துக்குள் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதைப் பார்க்கவே ஆற்றாமையாக இருக்கும். மாதம் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறினால் நல்ல வேகம். அதற்கு மேல் ஏறினால் வயிற்றில்தான் சேரும். இரண்டு வாரமாக எடைமெஷின் முள் அசையவில்லை என்றால் இன்னொரு டம்ளர் பாலும் ஒரு பிடி கடலையும் கூட்டு.

செய்த மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் உடம்பு வலிக்கும், பயப்படாதே, நடந்தால் சரியாகும். ஆனால் ஆர்வத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பஸ்கி போட்டு, தொடை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தசை உடைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் நிலை அது.

தூக்கம் உனக்குப் பெரிய குறை. வெளிநாட்டுக்காரர்களோடு மீட்டிங் முடித்துவிட்டு இரண்டு மணி வரை போனைப் பார்த்தால் உடம்பு எப்போது தசையைக் கட்டும்? ஏழெட்டு மணி நேரம் தூங்கு. விடியற்காலை ஜிம் ஒத்துவராவிட்டால் சாயங்காலம் போ, நேரம் எதுவானாலும் பரவாயில்லை. தூக்கத்தை வெட்டி ஜிம்முக்குப் போகாதே.

இதையெல்லாம் ஆரம்பிக்குமுன் ஒரு நாள் டாக்டரிடம் போய் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பார்த்துவிடு. பூச்சி மாத்திரை போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று நினைவில்லை என்றால் அதையும் கேள். சாப்பிட்டும் எடை இறங்கினாலோ, இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலோ தள்ளிப்போடாதே. அப்பா வீட்டுப் பக்கம் எல்லோருக்கும் நீள எலும்பு, மெல்லிய மணிக்கட்டு. உன் வார்ப்பும் அதுதான். அந்த வார்ப்பில் 62, 64 கிலோவுக்கு நீ வந்தால் எவ்வளவு நன்றாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும், அதற்கு ஒரு வருஷம் ஆகட்டும்.

பார்சலில் வறுத்த வேர்க்கடலை, கடலைமிட்டாய், சத்துமாவு வைத்திருக்கிறேன். சத்துமாவைத் தண்ணீரில் காய்ச்சாதே, பாலில் காய்ச்சு. அறையில் இருக்கும் பையன்களுக்கும் கொடு, தீர்ந்தால் சொல், அனுப்புகிறேன். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் படம் எடுத்து அனுப்பு. அடுத்த ஸ்குவாட் வீடியோவைப் பக்கவாட்டிலிருந்து எடுக்கச் சொல், அப்போதுதான் முதுகு எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அம்மா