ஈஎஸ்பிஎன்னின் 24 மணி நேரம் எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுச் சேனல்கள் பற்றிய கட்டுரையில், நாள் முழுக்க விளையாட்டு காட்டலாம் என்ற துணிச்சலில் அமெரிக்க விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன் பிறந்ததாக எழுதியிருந்தீர்கள். துணிச்சல் இருந்தது உண்மை. ஆனால் அந்த 24 மணி நேரம் வந்தது செயற்கைக்கோள் வாடகைப் பட்டியலிலிருந்து.

1978இல் நியூ இங்கிலாந்து வேலர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியில் வேலை இழந்து, பின்பு ஈஎஸ்பிஎன்னைத் தொடங்கிய பில் ராஸ்முசனும் மகன் ஸ்காட்டும் முதலில் நினைத்தது, கனெக்டிகட் மாநில ஆட்டங்களை அங்குள்ள கேபிள்காரர்களுக்குக் கொடுப்பது மட்டுமே. ஆர்சிஏ நிறுவனத்தின் சாட்காம் 1 செயற்கைக்கோளில் 5 மணி நேரத்துக்கு 1,250 டாலர் கேட்டார்கள். ஒரு டிரான்ஸ்பாண்டரை (செயற்கைக்கோளில் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) முழுநேரமாக எடுத்தால் மாதம் 34,167 டாலர், அதாவது நாளுக்குச் சுமார் 1,140. முழு நாள் வாடகை ஐந்து மணி நேர வாடகையைவிடக் குறைவு! செயற்கைக்கோளுக்கு மாநில எல்லையும் கிடையாது. சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து இறங்கும் அலை கனெக்டிகட்டில் விழும்போதே கலிபோர்னியாவிலும் விழும். டிஷ் வைத்திருக்கும் கேபிள் நிலையம் எதுவானாலும் பிடித்துக்கொள்ளலாம். மாநிலச் சேனல் தேசியச் சேனல் ஆனது இப்படித்தான்.

கெட்டி ஆயில் நிறுவனம் பணம் போட, 1979 செப்டம்பர் 7 மாலை 7 மணிக்கு கனெக்டிகட்டின் பிரிஸ்டல் நகரிலிருந்து ஒளிபரப்பு தொடங்கியது. வாடகை மலிவு, நேரத்தை நிரப்புவதுதான் பெரும்பாடு. பெரிய ஆட்டங்களின் நேரலை உரிமை பழைய நெட்வொர்க்குகளிடம் இருந்ததால், கல்லூரி ஆட்டங்கள் பலவற்றைப் பதிவு செய்து பிறகுதான் காட்ட முடிந்தது. முதல் நாள் ஆட்டமே பேஸ்பால் போன்ற சாஃப்ட்பால். 24 மணி நேர ஒளிபரப்பு 1980 செப்டம்பர் 1இல்தான் வந்தது. அதற்கு முன்பு, ஏப்ரலில், என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டை நேரலையில் காட்டினார்கள். ஹோட்டல் அரங்கில் பெயர் வாசிப்பதை யார் பார்ப்பார்கள் என்று லீக்கிலேயே சந்தேகம் இருந்தது. ஆட்டமே இல்லாத நிகழ்ச்சியை ஆண்டுதோறும் காத்திருந்து பார்க்கும் விழாவாக்கியது, என் கணிப்பில், அந்தச் சேனலின் ஆகப் பெரிய கண்டுபிடிப்பு.

கட்டுரை முற்றிலும் விட்டுவிட்டது வருமானக் கதையை. விளம்பரம் மட்டும் போதவில்லை. அன்ஹாய்சர்-புஷ் மதுபான நிறுவனம் முதலிலேயே 13.8 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டும் நட்டம் நிற்கவில்லை. 1982 இறுதியில் சிபிஎஸ் கேபிள் என்ற வேறொரு கேபிள் சேனல் மூடப்பட்டது. ஈஎஸ்பிஎன்னும் போய்விடுமோ என்று கேபிள்காரர்கள் பயந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஈஎஸ்பிஎன் அவர்களிடம் ஒரு இணைப்புக்கு மாதம் சில சென்ட் கேட்கத் தொடங்கியது. 4 சென்ட் என்றே வையுங்கள்: 2 கோடி வீடுகளுக்கு ஆண்டுக்கு 96 லட்சம் டாலர். விளம்பரம் வந்தாலும் வராவிட்டாலும் இது வரும். நம் ஊரில் 'பே சேனல்' என்கிறோமே, அதே ஏற்பாடு.

அமெரிக்கத் தொலைக்காட்சி நெட்வொர்க்கான ஏபிசி ஈஎஸ்பிஎன்னை வாங்கியது 1984இல். அதைத் தொடங்கியதே ஏபிசி என்று பொருள்படும் உங்கள் கட்டுரை வரியை அடுத்த இதழில் திருத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி