பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) சாருக்கு ஒரு திறந்த மடல்: குப்பை வண்டிக்கு ரூட் போட்டுக் குடுங்க

பிடிஓ சார், ஒன்றிய இன்ஜினியர் சார், வணக்கம்.

தலைவருங்க பதவிக்காலம் 2025 ஜனவரியோட முடிஞ்சதுல இருந்து எங்க ஒன்றியத்துல எல்லா ஊராட்சிக்கும் தனி அலுவலர் நீங்கதான். இத்தனை நாளா குப்பை வண்டியப் பொதுவா வச்சுக்கலாம்னு யாராச்சும் சொன்னா அந்த ஊரு டீசல் போடுமா இந்த ஊரு போடுமான்னே பேச்சு நின்னுபோகும், இப்ப கையெழுத்து ஒண்ணுதான, அதான் எலக்‌ஷன் வந்து ஆளுக்கொரு வண்டி கேக்குறதுக்குள்ள எழுதிடுறேன்.

குப்பைய ஓடைக்கரையில கொளுத்துறாங்கன்னு புகார் சொன்னா உடனே "தினம் டவுன் கிடங்குக்கு ஏத்தி விட்டுடலாம்"ங்கிறாங்க. வேணாம் சார். கிராமத்துக் குப்பையில வெயிட்டு பூரா காய்கறித் தோலு, வாசல் கூட்டுன இலை, சாணி, இதுதான். அதுல பாதி ஆடு மாடு கோழிக்கே போயிரும், மிச்சம் எருக்குழிக்கு. ஈரத்தை எல்லாம் லோடு கட்டி 20 கிலோமீட்டர் கொண்டுபோயி கொட்டுறதுக்கா டீசல்? எருக்குழி இல்லாத காலனித் தெருவுக்கு மட்டும் மண்புழு உரக்கொட்டகைய ஓட விட்டா போதும். எங்க ஊர்ல கொட்டகை இருக்கு, உள்ள போய்ப் பாத்தா பியூஸ் போன தெருவிளக்கு, கால் ஒடிஞ்ச சேரு, யாரோட வைக்கோலோ ஒரு போரு. மண்புழுவ மட்டும் காணோம்.

மக்காத குப்பைதான் வெளிய போகணும். கவர், பால் பாக்கெட், சாஷே எல்லாம் கழுவிக் காயவச்சா நாறாது, சாக்குல கட்டி பதினஞ்சு நாள் வச்சாலும் ஒண்ணும் ஆகாது, அப்புறம் எதுக்கு தினம் வண்டி? முக்கால் டன் இழுக்குற டாடா ஏஸ்ல லூசா கவர அள்ளிப் போட்டா கால்வாசி வெயிட்டு வர்றதுக்குள்ள தொட்டி நெறைஞ்சிரும், அதோட டவுனுக்குப் போனா காத்தை ஏத்திட்டுப் போற கதைதான். அஞ்சாறு ஊருக்கு ஒரே வண்டி, கிழமை மாறாத ரூட்டு, நேரா ஒன்றியத்தோட பிளாஸ்டிக் யூனிட். அங்க பிரஸ் மெஷின்ல அமுக்கி கட்டு கட்டா (பேல்) கட்டி, லாரி முழு லோடு சேந்தப்புறம் அரியலூர் சிமென்ட் ஆலைக்கு எரிபொருளா விடுங்க, இல்ல பொடியாக்கி தார் ரோட்டுக்குக் குடுங்க. தூய்மை பாரத இயக்கம் 2ஆம் கட்டத்துல ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் யூனிட்டுக்கு 16 லட்சம் வரைக்கும் தர்றாங்களே, எல்லா ஊர்லயும் மெஷின் எதுக்கு?

டயாபர், நாப்கின் மட்டும் இதுல சேராது. அது தனிக் கவர்ல, வாரம் தவறாம போயே ஆகணும்.

இன்னொண்ணு, பேட்டரி வண்டி. வாங்க ஃபண்டு இருக்கு, பேட்டரி செத்தா மாத்த இல்ல. வண்டி புளியமரத்தடியில நிக்குது, மாசம் 5000 ரூபா வாங்குற தூய்மை காவலர் அக்கா கைவண்டியத் தள்ளிட்டு மேட்டுத்தெரு ஏறுது. 15ஆவது நிதிக்குழு மானியத்துல 30 சதவீதம் சுகாதாரத்துக்குன்னே ஒதுக்குனதுதான, பேட்டரி, டயருக்குன்னு வருசாவருசம் அதுமாதிரி நிதியில ஒரு தொகை எழுதி வைங்க. புது வண்டிய அப்புறம் பாத்துக்கலாம்.

முதல்ல ஒரே ஒரு ரூட்டு மூணு மாசம் ஓட்டிப் பாருங்க சார். எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் டீசல், எத்தனை கிலோ ஏத்துனீங்கன்னு ஒரு நோட்டு போட்டு, அக்டோபர் 2 கிராம சபையில அந்த நோட்டை எடுத்து எல்லாருக்கும் படிச்சுக் காட்டச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க ஒன்றியத்துக்காரன் ஒருத்தன்