விலைப்பட்டியல் இல்லாமல் படத்தை வெளியே எடுக்காதே

சென்னை

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வந்தது. பள்ளிக்கூட வேலை முடிந்து இனி முழுநேரமும் ஓவியம் தீட்டப்போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. மாடி அறையில் அறுபது படங்கள் சுவரோரம் சாய்ந்து கிடக்கின்றன, யாரிடம் எப்படிப் போய் நிற்பது என்று கேட்டிருக்கிறாய். 'எனக்கு விற்கத் தெரியாது' என்ற வரியை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கேன்வாஸுக்கு அடிப்பூச்சாக ஜெஸ்ஸோ பூசக் கற்றுக்கொண்டவனுக்கு இதுவும் வரும். விற்பது கலைஞனுக்கு இழுக்கு என்று பேசுகிறவர்களிடம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் காட்டு. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும், மெழுகு தடவிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில்தான் இஞ்சம்பாக்கத்தில் அந்தக் கிராமத்தை எழுப்பினார்கள்.

முதல் வேலை விலை. ஒரு படம் வெளியே போகும் முன்பே அறுபதுக்கும் விலை எழுதியாக வேண்டும். ஆள் பார்த்து விலை சொல்கிற பழக்கம்தான் நம்மில் பலரைக் கெடுத்தது. உறவுக்காரருக்கு எட்டாயிரம், டாக்டருக்கு இருபதாயிரம் என்று கொடுத்தால், இரண்டு பேரும் ஒரே கல்யாணத்தில் சந்திக்கும் நாளில் உன் பெயர் போய்விடும்.

நம் ஊரில் சதுர அங்குலக் கணக்குதான் வழக்கம். ஆனால் ஒரே விகிதத்தில் பெருக்கினால் உதைக்கும். சதுர அங்குலத்துக்கு 25 ரூபாய் என்று வைத்தால் 12-க்கு 12 அங்குலப் படம் 3,600 ரூபாய், 48-க்கு 60 படம் 72,000. சின்னப் படத்துக்கு உழைப்புக்கூட மிஞ்சாது, பெரிய படம் நகராது. சரி, பெரிய படத்துக்கு மட்டும் விகிதத்தைக் குறைக்கலாம் என்று சிலர் 1,000 சதுர அங்குலம் வரை 28, அதைத் தாண்டிய படம் என்றால் முழுவதுக்குமே 20 என்று வைக்கிறார்கள். அப்போது 1,000 சதுர அங்குலப் படம் 28,000, அதைவிடப் பெரிய 30-க்கு 36 படம் 21,600! வாங்க வருகிறவர் இதைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

வருமான வரி மாதிரிப் படிப்படியாகப் போடு. முதல் 200 சதுர அங்குலத்துக்கு 40 ரூபாய், அடுத்த 800-க்கு 25, அதற்கு மேல் உள்ளதற்கு 18. இப்போது 12-க்கு 12 படம் 5,760 ரூபாய். 24-க்கு 36 படம் 24,600. 48-க்கு 60 படம் 61,840. எந்த அளவிலும் பெரியது சிறியதைவிட மலிவாகாது. விகிதங்கள் உதாரணத்துக்குத்தான், உன் செலவுக்கு ஏற்ப மாற்றிக்கொள். நூறுகளுக்கு முழுமையாக்கி எழுது. ஃப்ரேம் விலையைத் தனியாகக் காட்டு. அதைச் சேர்த்துவிட்டால் பாதிப் பேர் 'ஃப்ரேம் வேண்டாம், குறைத்துக்கொடு' என்று தொடங்குவார்கள்.

கேலரி கமிஷன் பொதுவாக 30 முதல் 50 சதவீதம். அதைப் பட்டியல் விலைக்குள்ளேயே அடக்கியிருக்க வேண்டும். 24,600-இல் 40 சதவீதம் போனால் உன் கைக்கு 14,760. கேன்வாஸ், வண்ணம், போக்குவரத்து போக மீதி உனக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் விகிதம் தப்பு, இப்போதே திருத்து. கேலரியில் பார்த்துவிட்டு உன் வீட்டுக்கு வந்து 'நேரடியாகத் தாருங்கள்' என்று கேட்பவருக்கும் அதே விலைதான் சொல்ல வேண்டும். வீட்டில் மலிவாகக் கொடுத்த செய்தி கேலரிக்காரர் காதுக்குப் போகாமல் இருக்காது, அதோடு அந்தக் கதவு மூடும். தள்ளுபடி பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். கேலரியில் அந்தத் தள்ளுபடியை இருவரும் பாதிப்பாதி ஏற்பதாக முன்பே எழுதிக்கொள். விலையை வருடம் ஒருமுறை, விற்பனை சீராக இருந்தால் மட்டும் பத்து சதவீதம் ஏற்று. ஏற்றிய விலையை இறக்காதே. போன வருடம் வாங்கியவர் அதைத் தன் நஷ்டமாகவே எடுத்துக்கொள்வார்.

அடுத்தது புகைப்படம். உன் படத்தைப் பார்க்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் போனில்தான் பார்ப்பார்கள். நீ அனுப்பிய ஐந்து புகைப்படங்களில் மூன்று மேலே குறுகிக் கீழே விரிந்திருந்தன. படத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனை நேராகப் பிடித்ததால் வந்த கோணல் அது. படத்தைச் செங்குத்தாக மாட்டி, லென்ஸ் படத்தின் நடுப்புள்ளி உயரத்தில் இருக்கும்படி போனை டிரைபாடில் வை. கிட்டப்போய் எடுத்தால் ஓரங்கள் உப்பும். ஆறேழு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடு. உன் வீட்டுத் திண்ணை போதும், காலை பத்து மணிக்கு நிழலில். ஆனால் எதிரே வாழை மரமோ பச்சைச் சுவரோ இருந்தால் வெள்ளையெல்லாம் பச்சை பூக்கும். முதல் ஷாட்டில் சாம்பல் அட்டை ஒன்றைப் படத்தருகே வைத்து எடுத்து, அதை வைத்து நிறத்தைச் சரிசெய். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலக்கக் கூடாது.

ஆயில் படங்களில் தூரிகை மேடுகள் பளபளக்கும். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்தால் பெரும்பகுதி அடங்கும். அப்படியும் போகாவிட்டால் விளக்குகளுக்கு முன் போலரைஸிங் ஃபிலிம், லென்ஸில் போலரைஸர் ஃபில்டர் போட்டுத் திருப்பினால் பளபளப்பு மறையும். பளபளப்பை முழுவதும் போக்கிவிடாதே, படம் பிளாஸ்டிக் விரிப்பு போலத் தெரியும். 20 மெகாபிக்ஸல் கேமராவில் கிடைப்பது ஏறக்குறைய 5,472-க்கு 3,648 பிக்ஸல். கேட்டலாகில் 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 18-க்கு 12 அங்குலம் வரை தாராளமாக அச்சிடலாம். ஒவ்வொரு படத்துக்கும் முழுப்படம், கிட்டத்தில் ஒரு பகுதி, பக்கவாட்டு ஓரம், பக்கத்தில் நாற்காலியோடு ஒன்று என நான்கு எடு. நாற்காலி இல்லாவிட்டால் அளவு யாருக்கும் புரியாது.

இன்ஸ்டாகிராமில் போடும்போது அளவு, ஊடகம் (ஆயிலா அக்ரிலிக்கா), ஆண்டு, விலை நான்கையும் எழுது. 'விலைக்குத் தனிச்செய்தி அனுப்பவும்' என்று எழுதினால் கூச்சப்படுகிறவர்கள் கேட்காமலே போய்விடுவார்கள். அதைவிட முக்கியமாக, நோட்டில் ஒரு பட்டியல் வைத்துக்கொள்: உன் படத்தை வாங்கியவர்கள், வாங்க விரும்பிக் கேட்டவர்கள், நின்று நிதானமாகப் பார்த்தவர்கள். முப்பது பெயர் இருந்தால் போதும். ஆயிரம் லைக்கைவிட இந்த முப்பது பேர்தான் உன் படத்துக்குச் சோறு போடுவார்கள். கண்காட்சிக்கு மூன்று வாரம் முன்பு ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக வாட்ஸ்அப் அனுப்பு, அவருக்குப் பிடிக்கும் என்று நீ நினைக்கும் ஒரே படத்தோடு. குழுவில் மொத்தமாகப் போடுவதை யாரும் தனக்கு வந்த அழைப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கண்காட்சியில் படத்தின் முன் நீண்ட நேரம் நின்றவரிடம் மூன்று நாளுக்குள் பேசு. பத்து நாள் கழித்தால் அந்தச் சூடு ஆறிவிடும்.

இடம் பற்றிக் கேட்டிருந்தாய். சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமி கண்காட்சிக் கூடம் உனக்குத் தெரியும். பெங்களூர் சித்ர சந்தே என்ற ஓவியச் சந்தைக்கும் விண்ணப்பி. சித்ரகலா பரிஷத் என்ற கலை நிறுவனம் ஜனவரியில் குமார கிருபா சாலையில் நடத்துவது. வீதியில் நடப்பதால் சின்னப் படங்களும் நடுத்தர விலையும்தான் அங்கே ஓடும். 12-க்கு 16 அங்குலத்துக்கு மேல் கொண்டுபோகாதே, க்யூஆர் அட்டையை இரண்டு பிரதி எடுத்துப் போ. தனியார் கேலரிக்கு முதலில் அவர்கள் எந்த மாதிரிப் படம் போடுகிறார்கள் என்று இரண்டு கண்காட்சி பார்த்துவிட்டு, ஒரே கருவில் தீட்டிய வரிசையிலிருந்து எட்டுப் படங்களின் புகைப்படமும் விலைப்பட்டியலும் மின்னஞ்சலில் அனுப்பு. திறப்பு விழா அன்று சுருட்டிய கேன்வாஸோடு போய் நிற்காதே. இடவாடகை, கேட்டலாக் செலவு எல்லாம் உன்னிடமே வாங்கிக்கொண்டு, மேலே 40 சதவீதமும் கேட்பவர்களிடம் கையெழுத்துப் போடாதே. படம் விற்றாலும் விற்காவிட்டாலும் அவர்களுக்கு லாபம் வந்துவிடும், விற்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு இருக்காது.

படம் ஒப்படைக்கும்போது ரசீது எழுதி வாங்கு: படங்களின் பட்டியல், விலை, கமிஷன், எத்தனை மாதம், விற்ற பணம் எத்தனை நாளில் வரும், சேதமானால் யார் பொறுப்பு. நண்பர்தானே என்று விட்ட இடத்தில்தான் படம் இரண்டு வருடம் கோடவுனில் கிடக்கும்.

சட்டத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். படத்தை விற்றால் பொருள்தான் போகும், பதிப்புரிமை உன்னிடமே இருக்கும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன படத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதிப்புரிமை அவருடையது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆகவே ஆர்டர் படங்களுக்கு 'பதிப்புரிமை ஓவியருக்கே' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கு. பாதிப் பணம் முன்பணமாக, மீதி படம் கைமாறும் முன். காலண்டரில் அச்சிட அனுமதி கேட்டால் எத்தனை வருடம், எத்தனை பிரதி என்று எழுது. காலம் எழுதாவிட்டால் சட்டம் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளும். ஓவியத்துக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது. வெளிமாநில விற்பனை தொடங்கும் முன் பதிவு பற்றி ஆடிட்டரிடம் பேசிவிடு.

அனுப்பும்போது அக்ரிலிக் படத்தின் மேல் பபிள் ராப் நேராகப் படக் கூடாது. லாரிச் சூட்டில் வண்ணம் இளகி, வட்ட வட்டமாக அச்சு விழும். கேக் தட்டில் விரிக்கும் சிலிகான் பேப்பரை முதலில் போட்டு, அதன் மேல் மற்றதைச் சுற்று. சுருட்டியாக வேண்டும் என்றால் ஆறு அங்குல விட்டத்துக்குக் குறையாத குழாயில், தீட்டிய பக்கம் வெளியே இருக்கும்படி சுற்று. உன் கோயில் குளம் வரிசையைச் சுருட்டவே சுருட்டாதே, அந்தத் தடித்த பூச்சு வெடித்துவிடும்.

இந்த வாரம் அறுபதையும் எண் போட்டு எழுது: எண், தலைப்பு, ஆண்டு, ஊடகம், உயரம், அகலம், விலை. குளம் வரிசையிலிருந்து எட்டு புகைப்படமும் அந்தப் பட்டியலும் எனக்கு அனுப்பு. சாம்பல் அட்டை கும்பகோணத்தில் கிடைக்காவிட்டால் சொல், இங்கிருந்து தபாலில் போடுகிறேன்.

அன்புடன்,
கோபால்